கடாரத்துக் கற்களும் தோட்டத்துத் தெய்வங்களும்

லூனாஸ் வட்டாரத்திலிருந்து வடக்கே பாடாங் செராய், சுங்கை பட்டாணி, பீடோங் என்று ஊர்களைக் கடந்து மெர்போக்கை அடைந்து, குனோங் ஜெராய் மலையடிவாரத்தில் பாறைகளினூடே ஓடிவரும் சிற்றாற்றின் கரையிலுள்ள பழைய சைவக் கோயிலின் அடித்தளத்தைக் காண்கிற தமிழனுக்கு, சரித்திரப் பெருமிதத்தைக் காட்டிலும் ஆழமான ஒரு கேள்வி எழவேண்டும் என்று நான் எண்ணுகிறேன்: வழிபடுவோர் விட்டுச் சென்ற ஸ்தலத்தில் தெய்வ சாந்நித்தியம் இருக்கிறதா, இல்லையா?

சோழர் கல்வெட்டுகள் கடாரம் என்று கூறும் கடற்கரை அரசின் தலைநகரம் மெர்போக்கை உள்ளடக்கிய இந்தப் பூஜாங் பள்ளத்தாக்கைச் சார்ந்திருந்தது என்பது பலர் கொண்ட கருத்து. 1,217 மீட்டர் உயர்ந்த ஜெராய் சிகரத்தைக் கடலிலிருந்தே அடையாளம் கண்டு கரை சேர்ந்த வணிகர், பருவக்காற்று திசை மாறும்வரை மாதக்கணக்கில் இங்கே தங்கியாக வேண்டியிருந்தது. தங்கிய இடத்தில் சிவனுக்கும் புத்தருக்கும் கோயில்கள் எழுந்தது இயல்பே. கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரத்திற்குச் சைவனாகிய இராஜராஜன் ஆனைமங்கலத்தைத் தானமாக அளித்தான். அவன் மகன் இராஜேந்திரனோ 1025-ஐ ஒட்டி அதே கடாரத்தின்மேல் கப்பற்படை செலுத்தினான். வென்ற செய்தியை நம்மவர் மேடைதோறும் முழங்குகிறார்கள். தானம் அளித்த செய்தியே எனக்கு உயர்ந்ததாகப் படுகிறது.

1936, 1937-ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் தம் மனைவியோடு காட்டுக்குள் ஆராய்ந்து எண்ணிட்ட இடிபாடுகளுள் ஒன்றே, பின்னர் அலஸ்டேர் லாம்ப் மீளக் கட்டியமைத்த, சிற்றாற்றங்கரையிலுள்ள இந்தப் புக்கிட் பத்து பகாட் கோயில். விமானத்தின் அடித்தளமும் மண்டபத்தின் கல்தரையும் உள்ளன, மரத்தாலான கூரை மண்ணோடு மண்ணாயிற்று, மூலமூர்த்தி இல்லை. ஆயினும் தரைக்கடியிலிருந்து குழி குடைந்த கற்பேழைகள் கிடைத்தன. சிற்ப சாஸ்திரம் கர்ப்பந்யாசம் என்று விதிக்கும் சடங்கின்படி, பொன்னும் மணியும் வைத்து, கோயிலுக்கு ஓர் உயிர்க்கருவை மண்ணுக்குள் இட்டு மூடிய கைகள் எவருடையவையோ, அவர்கள் காற்று மாறியதும் கப்பலேறிப் போய்விடும் அவசரத்தில் அதைச் செய்யவில்லை என்பது மட்டும் பிரத்தியட்சம்.

எங்கும் நிறைந்த பொருளை ஓரிடத்தில் எழுந்தருளச் செய்யும் உபாயத்தை வகுத்த ஆகமம், அங்கிருந்து மரியாதையோடு பெயர்க்கும் உபாயத்தையும் வகுத்தே இருக்கிறது. திருப்பணி நேரும்போது மூர்த்தியின் கலைகளைக் கும்பத்துக்கு ஆகர்ஷித்து, பாலாலயத்தில் வைத்துப் பூஜித்து, பின் மீண்டும் பிரதிஷ்டை செய்கிறோம். அப்படியானால் இறைவன் கல்லுக்குள் சிறைப்பட்டவன் அல்லன் என்பது தெளிவு; ஆனால், அழைத்தவர்களே விடைகொடுக்கும் வரை அவன் அந்தக் கல்லைக் கைவிடுபவனும் அல்லன் என்றே நான் கொள்கிறேன். மெர்போக்கில் விடைகொடுத்த சடங்கின் சுவடு எதுவும் தென்படவில்லை. ஆகவே அங்கே காலணியைக் கழற்றிவிட்டே நிற்கிறேன். மெய்கண்டார் சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரத்தில் அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரனாகவே தொழச் சொன்னார். அடியார் கூட்டம் கலைந்துபோன பின்னும் ஆலயம் என்னும் பாதி அங்கே எஞ்சி நிற்கிறது.

இது பழங்கதை அன்று. லூனாஸைச் சுற்றிய தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய்த் தாமான்கள் எனப்படும் குடியிருப்புகள் எழுகிற இக்காலத்தில், தொழிலாளர் லயத்துக்கருகே மாரியம்மனும், எல்லை மரத்தடியில் சூலம் நட்ட முனீஸ்வரரும் அதே கேள்வியின் முன் நிற்கிறார்கள். கடவுள்தான் எங்கும் இருக்கிறாரே, இந்த இடம் போனால் என்ன என்று படித்தவர் சொல்வது பாதி வேதாந்தமும் பாதி சோம்பலும் கலந்த பேச்சு. ஆகமம் அறியாத தோட்டத்துப் பெரியவர்களோ, பூப்போட்டுப் பார்த்து, அம்மனிடம் உத்தரவு கேட்டு, அது கிடைத்த பின்னரே சிலையில் கைவைத்தார்கள். சாஸ்திரம் விதித்ததன் சாரத்தை அவர்கள் பக்தியினாலேயே கண்டுகொண்டவர்கள்.

பூஜாங் பள்ளத்தாக்கிலும் பெண்டாங் டாலாம், பெண்டியாட் ஆகிய இடங்களின் சண்டிகள் எனப்படும் பழங்கோயில் இடிபாடுகள் பெயர்த்தெடுக்கப்பட்டு அருங்காட்சியக வளாகத்தில் மீண்டும் அடுக்கப்பட்டிருக்கின்றன. கற்கள் பிழைத்தன, அது பெரிய காரியமே. 2013-இல் 11-ஆம் எண் சண்டி நில மேம்பாட்டுப் பணியில் இடிபட்ட செய்தி வெளிவந்தபோது, அந்தப் பாக்கியமும் அதற்குக் கிட்டாமற் போனதை எண்ணி நெஞ்சு பதைத்தது. உத்தரவு கேட்க அங்கே ஒருவரும் இருந்ததில்லை. தோட்டக் கோயில்களுக்கோ நாம் இருக்கிறோம். தோட்டம் கைமாறும்போது மாற்று நிலத்தையும் நஷ்ட ஈட்டையும் பேசுகிற கோயில் நிர்வாகக் குழுவினர், கடைசிக் குடும்பம் லயத்தை விட்டுப் புறப்படுமுன் உத்தரவு கேட்கவும், கும்பம் வைக்கவும், புதிய இடத்தில் பிரதிஷ்டை முடியும்வரை பழைய இடத்தில் விளக்கேற்றவும் வேண்டிய நாட்களை ஒப்பந்தத்திலேயே எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும்.