போகக்குள்ள வாங்குவம்

ரமழானின் கடைசிப் பத்து இரவுகளில் கல்முனை பசாருக்குள் போனவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். தராவீஹ் முடிந்து சனம் இறங்குகிற நேரம். மருதமுனை, நற்பட்டிமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் எல்லாம் ஒரே தெருவில் நிற்கும். ஆட்டோ ஹோர்ன், ஒலிபெருக்கியில் விலை கூவும் பெடியன், இரண்டையும் மீறி ஏதோ ஒரு புடவைக்கடைக்குள்ளிருந்து ஒரு பிள்ளை வீரிட்டு அழும். நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். “வளர்ப்பு அப்பிடி” என்று ஒரு மாமி பக்கத்தில் நிற்பவருக்குச் சொல்வது போல ஊருக்கே சொல்லுவார். பிள்ளையின் உம்மா கையில் எடுத்த துணியை வைத்துவிட்டுக் குனிவாள்.

எல்லா அழுகைக்கும் விளக்கம் தேடத் தேவையில்லை. இரவு பத்தரை மணிக்கு மூன்று வயதுப் பிள்ளைக்கு நித்திரை வரும், அவ்வளவுதான். அதோடு அதன் கண் மட்டத்தில் கடை என்று ஒன்றும் கிடையாது. நமக்குத் தெரிகிற துணியும் நிறமும் விலையும் அதற்குத் தெரியாது. தெரிவதெல்லாம் அபாயாக்களின் ஓரமும் சொப்பிங் பேக்குகளும்தான். வேர்த்து ஒழுகுகிற உடம்பில் போட்டிருக்கிற சட்டைக்கு மேலேயே இன்னொரு சட்டையை மாட்டி, கையைத் தூக்கு, திரும்பு, நிமிர் என்று பாடாய்ப் படுத்துவோம். அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்க் காற்றுப்பட நிற்பதே வைத்தியம். நான் சொல்ல வந்தது மற்ற அழுகையைப் பற்றி.

கடை வாசலில் வலைப்பைக்குள் பிளாஸ்டிக் கார்கள் தொங்கும். உள்ளே நுழையும்போதே பிள்ளை கண்டுவிடும்.

“உம்மா, அந்தக் கார்.”

“போகக்குள்ள வாங்குவம் மனே.”

பிள்ளை நம்பிவிடுகிறது. முக்கால் மணித்தியாலம் சொன்ன இடத்தில் இருக்கிறது, சொன்னபடி கையைத் தூக்குகிறது. இடைக்கிடை வந்து “போகக்குள்ள தானே?” என்று ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொள்கிறது. “ஓம் மனே.” பில் போட்டு, காசு கட்டி, கடைசியில் உம்மா பின்வாசலால் இறங்குகிறாள், அந்தப் பக்கம் கார் தொங்காது என்பதற்காகவே. அப்போது எழும்புகிறதே ஓர் ஓலம், அதைத்தான் நாம் பிடிவாதம் என்கிறோம். முன்பு நடந்த முக்கால் மணித்தியாலத்தை அந்த மாமி பார்த்திருக்கமாட்டார்.

பசாரில் புடவைக்கடை வைத்திருக்கும் மச்சான் ஒருவர் இதில் தேர்ந்தவர். எந்தப் பிள்ளை தன் கடையில் அழும் என்று வாசலிலேயே தனக்குத் தெரியும் என்பார். “அதெல்லாம் இல்ல, நட” என்று சொல்லி இழுத்துவரப்பட்ட பிள்ளை கொஞ்சம் முனகும், பிறகு தொங்கும் உடுப்புகளுக்குள் ஒளிந்து விளையாடப் போய்விடும். “பொறகு பாப்பம்” கேட்ட பிள்ளைதான் அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கால் வந்து உம்மாவின் முந்தானையைப் பிடிக்கும். ஆனால் அந்தக் கார்களை வாசலில், அதுவும் பிள்ளையின் கைக்கு எட்டுவது போலத் தொங்கவிட்டது யார் என்று கேட்டால் மச்சான் சிரிப்பார். வியாபாரிக்கும் இதில் பங்கு உண்டு. இங்கிலாந்தில் 2022 ஒக்டோபரிலிருந்து பெரிய கடைகளில் சீனியும் கொழுப்பும் கூடிய பண்டங்களைக் காசு கட்டும் இடத்தருகே வைக்கக்கூடாது என்று சட்டமே வந்தது. நம் பசாருக்கு அப்படியொரு சட்டம் வரும் என்று நான் காத்திருக்கவில்லை.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷெல் என்பவர் 1960களின் இறுதியில் தொடங்கிய பரிசோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். சிறு பிள்ளைக்கு முன்னால் ஓர் இனிப்பை வைத்து, நான் வரும்வரை தின்னாமல் இருந்தால் இரண்டு தருவேன் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பொறுத்திருக்கும் பிள்ளை மனக்கட்டுப்பாடு உள்ள பிள்ளை என்று உலகம் முடிவுகட்டியது. 2013இல் றொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செலஸ்ட் கிட்டும் கூட்டாளிகளும் அதே பரிசோதனையின் முன்னால் ஒரு சின்ன வேலையைச் சேர்த்தார்கள். படம் கீற இதைவிட நல்ல கிரேயோன் கொண்டுவந்து தருகிறேன் என்று பிள்ளைகளிடம் சொன்னார்கள். பாதிப் பிள்ளைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்கள், மீதிப் பேருக்கு “இல்லையாம்” என்று வெறுங்கையோடு வந்தார்கள். அதற்குப் பிறகுதான் இனிப்பு. ஏமாந்த பிள்ளைகள் சராசரியாக மூன்று நிமிடம் பொறுத்தன. வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் பன்னிரண்டு நிமிடம். மொத்தமே 28 பிள்ளைகள்தான், ஒரு சிறிய ஆய்வு. என்றாலும் நம்ம மச்சான் கடை வாசலில் நின்று கண்டதும் அதுவும் ஒன்றுதான். பொறுமை பிள்ளைக்குள் மட்டும் இருக்கிற சாமான் இல்லை. எதிரில் நிற்கிற பெரியவரின் சொல்லை வைத்துத்தான் பிள்ளை பொறுக்கலாமா வேண்டாமா என்று கணக்குப் பார்க்கிறது.

இதற்கு அமெரிக்கா வரை போகத் தேவையில்லை என்று எங்கள் ஊர் மௌலவி சொல்லுவார். சொல்லட்டும், அவர் சொல்வது சரி. அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) சிறுவனாக இருந்தபோது நடந்த சம்பவம் அபூதாவூதில் இருக்கிறது. வா, ஒன்று தருகிறேன் என்று தாய் கூப்பிடுகிறார். நபியவர்கள் அப்போது அந்த வீட்டில் இருக்கிறார்கள். என்ன கொடுக்க நினைத்தீர் என்று கேட்கிறார்கள். பேரீச்சம்பழம் என்கிறார் தாய். ஒன்றும் கொடுக்காமல் விட்டிருந்தால் உம்மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்கிறார்கள். மிம்பரில் இந்த ஹதீஸைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, அன்று பின்னேரமே பசாருக்குள் போய், “இன்ஷா அல்லாஹ், பெருநாளைக்குப் பொறகு வாங்குவம்” என்று வாங்கும் எண்ணமே இல்லாமல் சொல்கிறோம். தட்டிக்கழிக்க அல்லாஹ்வின் பெயரையே கூப்பிடுவதைப் பிள்ளை எத்தனை நாளைக்குக் கவனிக்காமல் இருக்கும்?

உண்மையைச் சொன்னால் பிள்ளை உடைந்துபோகும் என்றொரு பயம் நமக்கு. 2022ஐ நினைத்துப் பார்க்கிறேன். அந்த செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது, உணவுப் பொருள்களில் அது 95 வீதத்தை ஒட்டியது. பால்மா தட்டுப்பாட்டுக் காலத்தில் உம்மாமாரோடு பிள்ளைகளும் வரிசையில் நின்றன. அந்த வருசம் “பொறகு” என்று சொல்லக்கூட எங்களுக்குத் தெம்பு இருக்கவில்லை. “காசு இல்ல மகள்” என்று நேராகச் சொன்னோம். பிள்ளைகள் கேட்டன, கொஞ்சம் முகம் வாடின, பேசாமல் வந்தன. கஷ்டத்தைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பதிலில் பிள்ளை காத்திருக்க ஒன்றும் மிச்சம் இல்லை, அதனால் சண்டை பிடிக்கவும் ஒன்றும் இல்லை.

இந்தக் கரையில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல வீடுகளில் வாப்பா கட்டாரில், இல்லாவிட்டால் சவூதியில். கடையில் பிள்ளை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றால் உம்மாவுக்குச் சுலபமான வழி, “வாப்பா வரக்குள்ள வாங்கித் தருவார்.” அது அடுத்தவர் கணக்கில் எழுதும் காசோலை. வாப்பா இரண்டு வருசத்துக்குப் பிறகு வந்து இறங்கும்போது தனக்கே தெரியாத கடன்களோடு வந்து இறங்குகிறார். வீடியோ கோலில் பிள்ளை “சைக்கிள் எடுத்தாச்சா வாப்பா?” என்று கேட்க, அவர் திருதிருவென முழிப்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

இதே பிள்ளைகளைக் கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்தில் பார்க்க வேண்டும். நாகூர் ஆண்டகை பெயரில் நடக்கும் அந்த நாட்களில் மணலில் விளையாட்டுச் சாமான் கடைகள் முளைக்கும், மஸ்கட்டும் அல்வாவும் பளபளக்கும். பிள்ளையின் கையில் மூத்தாப்பா கொடுத்த ஐந்நூறு ரூபாய். அது அழுவதில்லை. ஒரு கடையில் துவக்கின் விலை கேட்கும், அடுத்த கடையில் அதே துவக்கின் விலை கேட்கும், திரும்பி வந்து “அங்க அம்பது குறைய” என்று முதலாளியிடம் பேரம் பேசும். கடைசியில் துவக்கை விட்டுவிட்டு பலூனும் ஐஸ்கிறீமும் வாங்கி மிச்சக் காசை எண்ணும். பசாரில் உருண்டு புரண்ட அதே பிள்ளைதான். கையில் இருப்பது உண்மையான காசு என்றால் அதன் எல்லையும் அதற்கு விளங்குகிறது.

இதையெல்லாம் வீட்டில் சொன்னபோது மனைவி ஒப்புக்கொண்டாள். இனி வாசலிலேயே “ஓம்” அல்லது “இல்ல”, நடுவில் ஒன்றும் கிடையாது என்று தீர்மானித்தோம். நாங்கள் இருவரும் ஓரளவு காப்பாற்றியும் வருகிறோம். மூத்தம்மாவைத்தான் இந்தச் சட்டத்துக்குள் கொண்டுவர முடியவில்லை. நாங்கள் “இல்ல” சொல்லி முடிக்க முன்னமே, “நீ அழாத கிளி, நான் வாங்கித் தாறன்” என்று முந்தானை முடிச்சை அவிழ்த்துவிடுகிறார். அவர் வாக்குக் கொடுத்தால் வாங்கிக் கொடுக்காமல் விட்டதே இல்லை என்பதால், எங்கள் கட்சியில் பேச ஆளில்லை.