சகுனியும் திறமைசாலிதான்

பாரிஸ் நகரத்தில் லாங்ஷாம்ப் என்று ஒரு ரேஸ் மைதானம். 1860-களில் அங்கே ஒரு பந்தயம் ஆரம்பித்தார்கள். தூரம் 6,200 மீட்டர். எவ்வளவு என்று புரிய வேண்டுமா? சின்ன காஞ்சிபுரத்தில் வரதர் கோயில் வாசலில் குதிரையைத் தட்டிவிட்டால், ஏகாம்பரநாதர் கோயில் கோபுரம் வந்த பிறகும் அது நிற்கக் கூடாது. 1866-ல் அதை ஜெயித்த குதிரையின் பெயர் கிளாடியாத்தர். அதற்கு முந்தைய வருடம்தான் இங்கிலாந்தின் டெர்பி உள்பட மூன்று பெரிய பந்தயங்களை அள்ளியிருந்தது. ‘வாட்டர்லூவுக்குப் பழிவாங்கிய குதிரை’ என்று பிரெஞ்சுக்காரர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். பிற்பாடு அந்தப் பந்தயத்துக்கே அதன் பெயரை வைத்தார்கள்.

பந்தயம் இன்றைக்கும் உண்டு. தூரம்தான் 3,100 மீட்டர். சரிபாதி!

காரணம் பெரிய ரகசியம் இல்லை. நெடுந்தூரக் குதிரை தேறி வர வருடங்கள் ஆகும். வளர்ப்பவருக்கு அவசரம், போட்ட முதலைக் குதிரையின் மூன்று வயதுக்குள் எடுத்துவிடப் பார்க்கிறார். நீண்ட பந்தயத்துக்கு வரும் குதிரைகள் குறைவு. குதிரை குறைந்தால் பணம் கட்டுபவருக்கு சுவாரஸ்யம் குறைவு. ஆதியில் எந்தக் குதிரைக்கு நெஞ்சுரம் அதிகம், எதை வைத்து அடுத்த தலைமுறையை உண்டாக்கலாம் என்று கண்டுபிடிக்கத்தான் ஓடவிட்டார்கள். குதிரைக்கு வைத்த பரீட்சை. அதை நம் பரீட்சையாக மாற்றியதில் ஜோசப் ஒல்லர் என்பவருக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒல்லர் 1867-ல் பாரிஸில் ஒரு முறையைக் கொண்டுவந்தார். எல்லோரும் கட்டும் பணமும் ஒரே பெட்டிக்குள் போகும். நடத்துபவர் கமிஷன் எடுத்துக்கொள்வார். மீதியை ஜெயித்தவர்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியது. கிண்டியில் ‘டோட்’ என்று சொன்னார்களே, அதன் பாட்டன் இதுதான். (பாரிஸின் புகழ்பெற்ற ‘மூலன் ரூஜ்’ கேளிக்கை அரங்கை 1889-ல் தொடங்கியவர்களில் ஒருவரும் இதே ஒல்லர்தான். ஜனங்களின் ஆசை எந்தப் பக்கம் சாயும் என்று மனிதருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.)

இப்போது நம் ஊருக்கு வருவோம். மரத்தடியில் துண்டு விரித்து மூன்று பேர் காசு வைத்துச் சீட்டாடினால் போலீஸ் வரும். அதே மூன்று பேர் கிண்டி மைதான வேலிக்குள் போய்க் குதிரை மேல் காசு வைத்தால் வராது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்திலேயே அந்த விதிவிலக்கு இருந்தது. 1974-ல் மு.கருணாநிதி அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. மெட்ராஸ் ரேஸ் கிளப் கோர்ட்டுக்குப் போனது. ஹைகோர்ட்டில் தோற்று, சுப்ரீம் கோர்ட்டில் தடை வாங்கியது. 1986-ல் எம்.ஜி.ஆர். அரசு கிளப்பையே எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் போட்டது. எல்லாவற்றுக்கும் சேர்த்து 1996 ஜனவரி 12-ம் தேதி தீர்ப்பு வந்தது: குதிரைப் பந்தயத்தில் வெற்றியைத் தீர்மானிப்பது பெருமளவு திறமைதான், எனவே அது சூது அல்ல. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் சாமர்த்தியம், இதையெல்லாம் எடைபோடும் பார்வையாளரின் அறிவு... எல்லாமே திறமை.

சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். எனக்கு வேறு ஒரு சந்தேகம். திறமையால் வந்த பணம் என்றால் அது நல்ல பணம் ஆகிவிடுமா?

பி.காம். படித்தவன் புத்தி, பற்று-வரவில்தான் போய் நிற்கும். காஞ்சிபுரத்தில் ஒருவர் கோர்வைச் சேலை நெய்கிறார். உடலும் கரையும் வேறு வேறு நிறம். கூட ஒரு ஆள் உட்கார்ந்து நாடா தள்ள வேண்டும். நாள் கணக்கில் தறிக்குழியில் கால். முடிந்ததும் அவருக்குக் கூலி, வாங்கியவருக்குச் சேலை. அவருடைய திறமையால் உலகத்தில் ஒரு பொருள் கூடியிருக்கிறது. யாருக்கும் நஷ்டம் இல்லை. (கூலி போதுமா என்பது வேறு வழக்கு. போதாது.)

ஒல்லரின் பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே போன பணத்தைவிட ஒரு ரூபாய்கூட அதிகமாக வெளியே வராது. குறைவாகத்தான் வரும். நடுவில் கிளப்பின் கமிஷன், அரசாங்கத்தின் வரி. 2023 அக்டோபரில் கட்டும் தொகை முழுவதன் மேலும் 28 சதவிகிதம் ஜி.எஸ்.டி. போட்டார்கள், 2025 செப்டம்பரில் அது 40 ஆனது. ஜெயித்தவர் வாங்கும் ஒவ்வொரு ரூபாயும் தோற்றவர் சட்டைப்பையில் இருந்தது. அவருடைய திறமை என்ன செய்தது? பக்கத்தில் நின்றவருக்குத் தெரியாத ஒன்று இவருக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவுதான்.

‘பொழுதுபோக்கு சார், சினிமா டிக்கெட் மாதிரி’ என்பீர்கள். வசதியுள்ளவர் நூறு ரூபாயோடு போய், அது தீர்ந்ததும் எழுந்து வந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால், முதல் காட்சியில் விட்டதைப் பிடிக்க இரண்டாம் காட்சிக்கு வீட்டு வாடகையை எடுத்துக்கொண்டு யாரும் தியேட்டருக்குப் போவதில்லை. ‘அப்போ ஷேர் மார்க்கெட்?’ என்றும் கேட்பீர்கள். ஒரு கம்பெனியின் லாபத்தில் பங்கு கேட்டு முதல் போட்டால் அது வியாபாரம். காலையில் வாங்கி மதியம் விற்கிறவர் ஒல்லர் பெட்டிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார் என்பது என் கட்சி.

இன்னொரு வேடிக்கை பாருங்கள். 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தார்கள். அது வெறும் அதிர்ஷ்டம், அதனால் சூது. நான் லாட்டரிக்கு வக்காலத்து வாங்கவில்லை. எத்தனை வீட்டு அடுப்பை அது அணைத்தது என்று தெரியும். ஆனால், குலுக்கலில் தறிக்காரர் சீட்டுக்கும் மில் முதலாளி சீட்டுக்கும் ஒரே மதிப்பு. திறமை ஆட்டத்தில் அந்த நியாயம்கூடக் கிடையாது. ஒருவர் லாயத்துக்குள் போய் வருபவர். பத்து வருஷத்து ரேஸ் புஸ்தகம் மனப்பாடம். இன்னொருவர் டீக்கடையில் அரை மணி நேரம் அதைப் புரட்டிவிட்டுப் பணம் கட்டுபவர். விவரம் தெரிந்தவருக்கு விவரம் தெரியாதவர் மாதாமாதம் செலுத்தும் தண்டம் அது.

காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து போடுவார்கள். சூதும் துகிலும் நடக்கிற இரவைப் பார்த்திருப்பீர்கள். வியாசர் பாரதத்தில் அந்த இடத்தில் ஒரு வாதம் வருகிறது. சூதாட்டம் வஞ்சனை என்கிறார் தருமர். சகுனி அசரவில்லை. கற்றவன் கல்லாதவனை எதிர்கொள்வதும், பலசாலி பலமில்லாதவனை எதிர்கொள்வதும் எல்லாப் போட்டியிலும் உள்ளதுதானே, இதை மட்டும் ஏன் வஞ்சனை என்கிறாய் என்று கேட்கிறார். 1996 தீர்ப்பின் அளவுகோலை வைத்தால் சகுனி விடுதலை! தருமரும் அந்த வாதத்துக்குப் பதில் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார்.

வள்ளுவர் இந்தச் சிக்கலுக்குள் போகவே இல்லை. திறமையா, அதிர்ஷ்டமா என்று பிரிக்காமல் ‘சூது’ என்று ஒரே அதிகாரம். அதை அறத்துப்பாலில் வைக்காமல் பொருட்பாலில் வைத்தார். முந்தைய அதிகாரம் கள்ளுண்ணாமை, அடுத்தது மருந்து.

அதே திறமை வாதம்தான் ஆன்லைன் ரம்மிக்கும் கேடயமானது. ரம்மியைத் தடுத்த தமிழக அரசின் சட்டப் பகுதியை 2023 நவம்பரில் ஹைகோர்ட் ரத்து செய்தது. ரம்மி திறமை ஆட்டம் என்பதுதான் காரணம். 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் வேறு சட்டம் போட்டது: காசு வைத்து ஆன்லைனில் ஆடினால், திறமையோ அதிர்ஷ்டமோ, கூடாது. செல்போனில் வஞ்சனையாகிப்போன ஒன்று புல்தரையில் மட்டும் எப்படிக் கலையாகும்?

கிண்டிக்கு வேறு வழியில் வினை வந்தது. 1974-ல் ஒழுக்கத்தின் பேரால் மூட முடியாத மைதானத்துக்கு 2024 செப்டம்பரில் அரசு சீல் வைத்தது. 160 ஏக்கர், 99 வருடக் குத்தகை, ஆண்டுக்குச் சுமார் 614 ரூபாய் வாடகை என்று எழுதிய பழைய ஒப்பந்தம் ரத்தானது. நோட்டீஸ், வாதம், அப்பீல் எல்லாம் நிலத்தைப் பற்றியும் 730 கோடி ரூபாய் வாடகை பாக்கியைப் பற்றியும்தான். சூது என்ற வார்த்தைக்கு அங்கே வேலையே இல்லை.