தராசுக்கு யார் சாட்சி?

ஜூன் பிறந்தால் சித்தூர் மாவட்டத்துச் சாலைகளில் மாங்காய் டிராக்டர்கள் வரிசை கட்டும். பெரும்பாலும் தோத்தாபுரி, தமிழ்நாட்டில் கிளிமூக்கு என்றால் உடனே புரியும். பழக்கூழ் ஆலைகளில் அதைக் கூழாக்கி, சூடேற்றிக் கிருமி நீக்கி, பைகளில் நிரப்பிப் பீப்பாய்களில் அடைக்கிறார்கள். ஒரு பீப்பாய்க்கு வழக்கமான கணக்கு 215 கிலோ. அந்தக் கணக்கைச் சொல்வது நிரப்பும் குழாய்க்கு அடியில் இருக்கும் தராசு. தராசுக்குள் எடையை உணர்வது லோடு செல் என்ற சிறிய உலோகத் துண்டு.

அதற்குத் தட்டும் இல்லை, முள்ளும் இல்லை. சுமை ஏறினால் உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அதன்மேல் ஒட்டிய மெல்லிய தகட்டின் மின்தடை மாறும். 10 வோல்ட் கொடுத்தால், முழுச் சுமையில் திரும்பி வருவது ஏறக்குறைய 20 மில்லிவோல்ட். இவ்வளவு மெல்லிய குரலுக்கு ஈரம்தான் பெரும் பகை. நீராவியும் கழுவும் நீரும் புழங்கும் இடத்தில் கேபிள் வழியே ஈரம் இறங்கினால், மேலே ஒன்றுமே இல்லாதபோதும் எண் நகரத் தொடங்கும்.

கெட்டுப்போன லோடு செல்லும் அதே பளிச்சென்ற எழுத்தில்தான் எண்ணைக் காட்டும். தன் பிழை அதற்குத் தெரியாது.

அளக்கும் கருவி மெய் சொல்கிறது என்பதை எதைக்கொண்டு அறிவது? நியாயத் தத்துவ மரபின் மூல நூலான கௌதமரின் நியாய சூத்திரம் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு, தராசையே உவமையாக வைக்கிறது. உரைகாரர் வாத்ஸ்யாயனர் அதை விளக்குகிறார்: பொன்னை நிறுக்கும்போது தராசு பிரமாணம், அறியும் கருவி. தராசின்மேலேயே ஐயம் வந்தால், எடை தெரிந்த பொன்னை அதில் இட்டுப் பார்க்கிறோம். அந்த நேரத்தில் தராசு பிரமேயம், அறியப்படும் பொருள். ஒரே பொருள் சாட்சிக் கூண்டிலும் நிற்கலாம், குற்றவாளிக் கூண்டிலும் நிற்கலாம். அதனால் அதன் மதிப்பு குறைவதில்லை. சித்தூரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில், திருப்பதி தேசிய சமஸ்கிருதப் பல்கலைக்கழகத்தில் நியாயம் இன்றும் பாடமாக இருக்கிறது.

எல்லோரும் நியாயத்தின் இந்த விளக்கத்துக்கு உடன்படவில்லை. அறிவு பிறக்கும்போதே மெய்யென்று ஏற்கத்தக்கது, பிழை வெளிப்படும்வரை ஐயப்பட வேண்டியதில்லை என்றார்கள் வேத விளக்க மரபினரான மீமாம்சகர்கள். திருமலையைப் போற்றும் ராமாநுஜ மரபும் இந்தப் பக்கமே. பௌத்தத் தத்துவ அறிஞர் நாகார்ஜுனரின் கேள்வி இன்னும் கூரியது. ஒரு பிரமாணத்தை நிறுவ இன்னொன்று வேண்டுமானால், அதை நிறுவ எது? முடிவில்லாத இந்தத் தொடருக்கு அநவஸ்தை என்று பெயர்.

லோடு செல் மாற்றும் நாளில் இந்த வழக்கு ஆலைத் தரைக்கே வந்துவிடுகிறது. புதிய செல் தயாரிப்பாளரின் சான்றிதழோடு வந்தாலும் அது போதாது. பாரிஸில் சரிபார்த்த தராசை அப்படியே சித்தூரில் வைத்தால், புவியீர்ப்பு இங்கே சற்றுக் குறைவு என்பதால், 215 கிலோவுக்கு அரைக் கிலோவுக்கும் கொஞ்சம் கூடுதலாகவே குறைத்துக் காட்டும். ஆகவே இருக்கும் இடத்திலேயே சோதிக்க வேண்டும். முதலில் வெறும் மேடையில் ஜீரோ. பிறகு எடைக்கற்களை ஏற்றி ஸ்பேன், அதாவது காட்டும் எண் கற்களின் எடையோடு பொருந்துகிறதா என்ற சோதனை. அப்புறம் ஒரே கல்லை நான்கு மூலைகளுக்கும் மாற்றி மாற்றி வைத்து, எண் மாறாமல் நிற்கிறதா என்று பார்ப்பார்கள்.

அந்தக் கற்களைச் சோதித்தது எது? அவற்றைவிட நுட்பமான கற்கள். அப்படியே ஏறிப் போனால் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் 57ஆம் எண் கிலோகிராம்; அதற்கும் மேலே இருந்தது பாரிஸ் அருகே செவ்ரில் உள்ள மூல உருளை. 1889 முதல் அந்த உருளை எவ்வளவோ அவ்வளவே ஒரு கிலோ என்று இருந்தது. ஒரு நூற்றாண்டில் அதன் நகல்கள் அதிலிருந்து சுமார் 50 மைக்ரோகிராம் விலகின. மாறியது நகல்களா, மூலமா? விதிப்படி மூலம் தவறவே முடியாது என்றிருந்தது. நாகார்ஜுனர் அங்கே இருந்திருந்தால் தன் கேள்வியைக் கேட்டிருப்பார். 2019 மே 20 அன்று உருளையை விலக்கி, இயற்பியலின் மாறாத எண்களில் ஒன்றான பிளாங்க் மாறிலியைக் கிலோவுக்கு அடிப்படையாக்கினார்கள்.

ஆனாலும் நியாயக்காரர்களின் பதில்தான் மனதுக்கு ஒப்புகிறது. எல்லாவற்றையும் எப்போதும் சோதிக்க வேண்டியதில்லை. ஐயம் எழுந்த இடத்தில் சோதித்தால் போதும், செயல் பலித்தால் அதுவே சான்று. விவசாயி டிராக்டரோடு ஏறி நிற்கும் எடை மேடைக்கு அடியிலும் இருப்பது லோடு செல்தான். அவருக்கு அந்த ஐயம் ஏட்டு வாதமல்ல, ஒரு வருட உழைப்பு.

ஐயம் எழாத தராசும் இருக்கிறது. திருமலையில் துலாபார வேண்டுதல் உண்டு. குழந்தையை ஒரு தட்டில் உட்கார்த்தி, மறு தட்டில் வெல்லமோ நாணயமோ வைப்பார்கள். சில கிராம் கூடினாலும் குறைந்தாலும் பெருமாள் கணக்குப் பார்ப்பாரா? கண்ணனின் துலாபாரத்தில் நகைக் குவியலால் ஆகாததை ருக்மிணியின் ஒரு துளசி இலை செய்தது என்ற கதையை அறிந்த பக்தர், ‘பார்க்கமாட்டார்’ என்பார். பெறுபவன் மனமுவந்து விடும் தாராளம் அது. மாங்காய் வாங்குபவர் அதைத் தனக்கென்று எடுத்துக்கொள்ள முடியாது.

அதனால்தான் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் வேலையை முடித்த பிறகும், முத்திரை ஆய்வாளர் சரிபார்த்து முத்திரையிடாமல் அந்தத் தராசை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம். முத்திரைக்கும் கெடு உண்டு. கெடு முடிந்ததும் எடைக்கற்கள் மறுபடி மேடை ஏறும். நான்கு மூலைகளிலும் கல்லை மாற்றி மாற்றி வைப்பார்கள்.