இரு முகமும் ஒரு நூலும்

பழந்துணிகளை அடுக்கி, அடுக்குகள் விலகாதபடி ஊடுருவத் தைத்துப் போர்வையாக்கும்போது, மேற்புறத்தைப் போலவே அடிப்புறமும் பல துண்டுகளின் இணைப்பாக அமைந்துவிட்டால், இரண்டையும் பிணைக்கும் தையல்கோடு எந்தப் புறத்தின் ஒழுங்குக்குக் கட்டுப்படுவது என்ற கேள்வி எழுகிறது. மேற்புறத்து மூட்டுகளை, அதாவது இரு துண்டுகள் சேரும் தையல்வாய்களை, ஒட்டி ஊசி சென்றால், அதே கோடு அடிப்புறத்துத் துண்டுகளைக் குறுக்கே கடந்து செல்லும்; அடிப்புறத்துக்கு இசைந்தால் மேற்புறம் குலையும்; இரு புறத்து மூட்டுகளும் ஓரிடத்தில் மோதினாலோ துணி தடித்து ஊசி இறங்க மறுக்கும். வேறுபட்ட இரண்டை ஒன்றாக்குவது எது என்ற மெய்யியல் வினாவும் இந்தக் கைவேலைச் சிக்கலுக்குள் அடங்கியிருக்கிறது.

இவ்வினாவுக்குப் பழமையான சமயச் சான்று பௌத்தத் துறவியரின் சீவரம், அதாவது துண்டுகளை இணைத்துத் தைத்த ஆடை. துறவியர்க்குரிய விதிகளைத் தொகுத்துரைக்கும் விநய பிடகத்தின் மகாவக்கம் என்ற பகுதி, மகத நாட்டு வயல்கள் வரப்புகளால் பகுக்கப்பட்டிருந்த அழகைக் கண்ட புத்தர், அவ்வாறே ஆடையை அமைக்க இயலுமா எனத் தம் சீடர் ஆனந்தரைக் கேட்டதாகவும், அவர் அவ்வண்ணமே துண்டுகளை இணைத்துக் காட்டியதாகவும் கூறுகிறது. சங்காடி எனப்படும் மேலாடை புதுத்துணியாயின் இரண்டடுக்காகவும், நைந்த துணியாயின் நான்கடுக்காகவும் இருக்கலாம் என்பதும் அங்கேயே விதிக்கப்பட்டுள்ளது. மேல் எது, அடி எது என்பதைவிட, நைந்தது எவ்வளவு தாங்கும் என்பதே அவ்விதியின் கவலை என்பது ஆழ்ந்த கவனத்துக்குரியது.

ஆனந்தருக்குக் காட்டப்பட்ட வரப்பின் பொருள், மதுரைக்குத் தெற்கே கண்மாய்ப் பாசனத்தில் வளர்ந்து, 2011இல் மாநகராட்சியோடு இணைந்த அவனியாபுரம் போன்ற ஊர்களில் எளிதில் விளங்கும். வரப்பு இரு வயல்களுக்கும் எல்லை. இரண்டிலும் நீரைத் தேக்குவதும் அதுவே, நடப்பவர்க்கு வழியும் அதுவே. சீவரத்துக்குரிய துணியைக் குறிக்கும் பாம்சுகூலம் என்ற சொல்லுக்கோ 'புழுதிக்குவியலிற் கிடந்தது' என்பது பொருள். மார்கழியின் கடைசி நாளான போகியன்று பழையவற்றைக் கழித்து, மறுநாள் தை முதல் நாளில் ஜல்லிக்கட்டுக்குக் கூடும் அவனியாபுரத்தின் வெள்ளக்கல் பகுதியிலேயே மதுரை நகரின் குப்பைக் கிடங்கு இருப்பதால், அச்சொல் இங்கே ஏட்டுச் சொல்லாக நின்றுவிடுவதில்லை. கழித்தது எங்கே போய்ச் சேருகிறது என்பதை அன்றாடம் காணும் ஊருக்கு, கழித்ததை அடுக்கித் தைப்பது ஓர் அறச்செயலாகவே தோன்ற வேண்டும்.

வேறுபட்ட இரண்டை ஒன்றாக்குவது எது என்ற வினாவுக்குச் சைவ சித்தாந்தத்திலும் ஒரு விடை உண்டு. 13ஆம் நூற்றாண்டில் அதன் முதன்மை நூலான சிவஞானபோதத்தை அருளிய மெய்கண்டார், 'அத்துவிதம்' என்ற சொல் பொருள் ஒன்றே என எண்ணிச் சொல்வதன்று, இரண்டும் பிரிந்து நிற்றலை மறுப்பது என்று விளக்கினார். உயிரும் இறையும் தம் தன்மையால் வேறாயிருந்தே பிரிவின்றி நிற்கும் என்ற அக்கொள்கையைத் துணிக்கு உவமையாக நீட்டினால், இரு புறத்துக் கோலங்களும் ஒத்திருக்க வேண்டியதில்லை, பிரியாதிருந்தால் போதும். அவ்வாறாயின் தையல்கோடு எப்புறத்துக்கும் ஏவலாளாகாமல், ஒரே இடைவெளியில் ஓடும் நேர்கோடுகளாகவோ விளிம்பிலிருந்து உள்நோக்கிச் சுருங்கும் சதுரங்களாகவோ தனக்கெனச் சீரான விதியைக் கொள்வதே தக்கது. அடிப்புறம் காண்போர்க்குத் தெரியாது என்பதால் அங்கே தையலைத் தளர்த்துவது மட்டும் எவ்வகையிலும் ஏற்புடையதன்று. உறங்குபவரின் உடலைத் தொடுவது அப்புறமே.

வங்காளத்துக் காந்தா வேலையில் இருபுறமும் ஒன்றுபோலத் தோன்றும் 'தோருகா' என்ற வகை வியப்புக்குரியதெனினும், ஊசியின் ஒவ்வோர் இறக்கத்துக்கும் இரு முகமும் உடன்பட வேண்டிய கடுமை அதில் உண்டு. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் 'கவந்தி' வேறு வழி காட்டுகிறது. அடியில் பழஞ்சேலையை விரித்து, மூலையில் தொடங்கி, துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்து, விளிம்பைச் சுற்றி உள்நோக்கி ஓட்டுத் தையல் போடும்போது, துண்டை இணைப்பதும் அடுக்கைப் பிணைப்பதும் ஒரே தையலாகிவிடுவதால், முன்னரே முடிந்த ஒரு முகத்துக்கு நூல் கீழ்ப்படிய வேண்டிய நிலையே அங்கு எழுவதில்லை. இரு புறமும் சந்தித்து முடியும் நான்கு மூலைகளிலும் 'பூலா' எனப்படும், மடித்த சிறு துணிப்பூக்களை வைத்துத் தைக்கிறார்கள். அவை இல்லாத போர்வை ஆடையற்றது என்பது அப்பெண்களின் வழக்கு.