ஆயிரத்தில் நான்கு

துப்பாக்கியைக் கையில் எடுத்தே பார்க்காத ஆள் நான். ஆனாலும் அமெரிக்கத் துப்பாக்கிக் கைவினைஞர் பி. ஓ. ஆக்லியின் (1903–1989) பெயரோடு சேர்த்துப் பேசப்படும் ஒரு சின்ன அளவு என்னை விடமாட்டேன் என்கிறது.

ரைஃபிள் தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்குத் தோளும் கழுத்தும் உண்டு. ஆக்லி தோளை 40 பாகைக்கு நிமிர்த்தினார், உடலின் சரிவைக் குறைத்தார். உள்ளே கொஞ்சம் கூடுதலாக மருந்து பிடிக்கும். இதற்குப் பெயர் 'இம்ப்ரூவ்டு'. இந்தப் புதுக் கூட்டுக்கு எங்கே போவது? கடையில் கிடைக்கும் பழைய தோட்டாவையே, புது வடிவில் குடைந்த அறையில் போட்டுச் சுடுவார்கள். வெடியின் அழுத்தத்தில் பித்தளை விரிந்து அறையின் வடிவத்துக்கு வந்துவிடும்.

பெரிய அறைக்குள் சின்னத் தோட்டா லொடலொடவென்று ஆடாதா? ஆடக் கூடாது. அதற்காகக் கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் மட்டும் அறையைப் பழைய அளவைவிட 0.004 அங்குலம் குட்டையாக வைக்கிறார்கள். ஏறக்குறைய ஒரு தலைமுடியின் கனம். பழைய அறைக்கான 'கோ' கேஜைப் போட்டால் போல்ட் மூடக் கூடாது. தோட்டாவைப் போட்டால் சற்றே இறுகி மூட வேண்டும்.

பழைய குழலில் இதைச் செய்ய, அதைக் கழற்றி லேத்தில் மாட்டி, பின்முனையை ஒரு மரை அளவுக்குக் கடைந்து குறைத்த பிறகுதான் புது ரீமரை விட வேண்டும். மெனக்கெட்ட வேலை. குறுக்குவழியும் இருக்கிறது: ரீமரை நேரே விட்டுவிடலாம். துப்பாக்கி சுடும். கூடு அழகாக விரிந்து வரும். வாங்கியவருக்கும் சந்தோஷம்.

ஆனால் முன்னால் தாங்கல் இல்லாததால், ஊசி தட்டியதும் கூடு முன்னே நகரும். வெடித்ததும் அதன் முன்பகுதி அறைச் சுவரில் ஒட்டிக்கொள்ள, அடி மட்டும் பின்னே தள்ளப்படும். அடிக்குச் சற்று மேலே பித்தளை இழுபட்டு மெலியும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதே கூட்டில் மறுபடி மருந்து நிரப்பிச் சுடும்போது ஒருநாள் அங்கே அறுந்து, கொதிக்கும் வாயு பின்னால் பீறிடலாம். அப்போது கட்டையில் கன்னத்தை வைத்திருப்பது குழலைக் கடைந்தவர் அல்ல.

ஒருவேளை கடைசிவரை எதுவுமே ஆகாமல் போகலாம். 'அதான் ஒண்ணும் ஆகலையே' என்றால்? அப்போதும் தப்பு தப்புதான் என்பேன். அவருடைய கன்னத்தைப் பணயம் வைத்து, அவருக்கே தெரியாமல் ஒரு பந்தயம் கட்டியாகிவிட்டது. ஜெயித்துவிட்டதால் பணயம் என்னுடையதாகிவிடாது.

சரி, சொல்லிவிட்டே செய்தால்? வாங்குகிறவர் சம்மதிக்கலாம், கூடுகளை ஒரே தடவையோடு தூக்கிப் போடவும் செய்யலாம். ஆனால் துப்பாக்கி கைமாறும். சொன்ன வார்த்தை அதோடு கூடவே போகாது. அதனால்தான் அந்த நான்கை இரும்பிலேயே வெட்டி வைக்க வேண்டியிருக்கிறது.