இரண்டு கடிதங்கள்

வைத்திக்குப்பத்தில் ஒரு மீனவர் வீட்டுப் பெண். எம்.ஏ. ஆங்கிலம். மாலத்தீவுப் பள்ளி ஒன்றுக்கு ‘வருகிறேன்’ என்று எழுதி அனுப்பிவிட்டாள். அடுத்த வாரமே தாய்லாந்திலிருந்து கடிதம். சம்பளம் கூடுதல். “எதுக்கு சார் போகட்டும்?” என்கிறாள்.

நான் பி.காம். பேரேட்டைத் திறந்தால் தாய்லாந்துதான் ஜெயிக்கும். ஆனால் பாருங்கள், அங்கே பெரும்பாலான பள்ளிகளில் ஆங்கிலம் ஒரு பாடம், அவ்வளவுதான். மாலத்தீவில் கணக்கும் அறிவியலும்கூட ஆங்கிலத்தில். சின்னத் தீவில் டீச்சர் வராவிட்டால் பக்கத்துத் தெருவில் ஆள் பிடிக்க முடியாது.

புதுச்சேரிக்கு இந்தத் தவிப்பு புதுசில்லை. பிரெஞ்சுக் குடியுரிமையே தொடரட்டும் என்று எழுதிக்கொடுக்க, 1962 ஆகஸ்ட் 16-லிருந்து ஆறு மாத அவகாசம் தந்தார்கள். ‘தாத்தா அன்னிக்கு ஒரு கையெழுத்து போட்டிருந்தா...’ என்று இன்றும் பெருமூச்சு விடும் வீடுகள் உண்டு. பாவம், யூரோ வரும் என்று தாத்தா கண்டாரா?

“அப்பாவோட படகுக் கடனை நீங்க கட்டுவீங்களா சார்?” என்றாள். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டோம். தாய்லாந்துச் சம்பளத்தில் 18 மாதம். மாலத்தீவு என்றால் 25.

“ஏழு மாசம்தானே” என்றேன். சொல்ல எனக்கென்ன, வட்டி கட்டப்போவது நானில்லையே!

வலையைப் பிரித்துக்கொண்டிருந்த அப்பா நிமிரவில்லை. “வர்றேன்னு சொல்லிட்டல்ல?” என்று மட்டும் கேட்டார்.