எரிந்த கட்சி, எரியாத கட்சி

மாசி வளர்பிறையில் காமன் கம்பம் ஊன்றிவிட்டால் இலங்கைத் தோட்டத்து லயங்களில் தப்புச் சத்தம் ஓயாது. பகலெல்லாம் கொழுந்து பறித்தவர்களும் இறப்பர் பால் வெட்டியவர்களும் இரவில் காமன் கூத்துக்கு ரதியாகவும் மன்மதனாகவும் தூதனாகவும் வீரபத்திரனாகவும் வேடம் கட்டுவார்கள். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிவனின் தவத்தைக் கலைக்கப் போன மன்மதன் நெற்றிக்கண் தீயில் சாம்பலாகிறான். ரதி விழுந்து அழுகிறாள். மனமிரங்கிய சிவன் அவனை எழுப்பித் தருகிறார், ஆனால் உடலைத் திருப்பித் தரவில்லை. இனி அவன் ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிவான். மற்றவர்களுக்கு அவன் அனங்கன், உருவமற்றவன்.

தஞ்சைப் பக்கத்தில் இதே கதை லாவணிப் பாட்டாக வளர்ந்தது. காமன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று மறு கட்சி. இரண்டும் விடிய விடிய வாதாடும். வேடிக்கைக்காகப் பாடினாலும் உள்ளே இருப்பது கனமான கேள்வி. உடல் போன பிறகும் ஒரு பொருள் இருக்கிறது என்று சொல்லலாமா? இருக்கிறதென்றால், அது யாருக்கு இருக்கிறது?

வீடியோ விளையாட்டுகளின் உலகத்தில் இன்று இந்த வாதம் காசோடும் சட்டத்தோடும் நடக்கிறது. டொரொண்டோவில் உள்ள விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023 ஜூலை 31 அன்று ‘வெண்பா’வை வெளியிட்டது. 1980களின் இறுதியில் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை அது. தாய் வழியாக வந்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் கிடக்கிறது. அழிந்துபோன வரிகளை விளையாடுபவர்தான் ஊகித்து நிரப்ப வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாக் குழிக்கும் போய்ச் சேரும் என்று யோசித்து யோசித்துத்தான் முதல் இட்லி வேகும். முதல் படைப்புக்கான பாஃப்டா விருது 2024இல் அதற்குக் கிடைத்தது. கையில் பிடிக்கக்கூடிய, கிழியக்கூடிய ஒரு குறிப்பேட்டைப் பற்றிய இந்த விளையாட்டு வெளிவந்தபோது அதற்கே பெட்டியும் இல்லை, வட்டும் இல்லை. பதிவிறக்கம் மட்டும்தான்.

அதற்காக அந்தக் குழுவைக் குறை சொல்வது நியாயமாகாது. வட்டு அடிக்கவும் கார்ட்ரிட்ஜ் செய்யவும் முன்பணம் வேண்டும். கடைக்கு அனுப்பிய பெட்டி விற்காமல் திரும்பினால் நட்டம் சிறு குழுவின் தலையில் விழும். 2003இல் ஸ்டீம், 2013இல் இட்ச்.ஐஓ எனப் பதிவிறக்கக் கடைகள் வந்த பிறகுதான் நாலைந்து பேர் சேர்ந்து செய்த விளையாட்டு உலகம் முழுதும் போய்ச் சேர வழி பிறந்தது. உடலே வேண்டாம் என்ற ஏற்பாடு இல்லாவிட்டால் இவற்றில் பல விளையாட்டுகள் பிறந்தே இருக்காது. எரியாத கட்சிக்காரர்களின் வலுவான வாதம் இது.

எரிந்த கட்சியிடமும் சான்றுகள் இருக்கின்றன. 2023 மார்ச் 27 அன்று நிண்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ கருவிகளின் இணையக் கடைகளில் விற்பனையை நிறுத்தியது. பெட்டியாக ஒருபோதும் வராத பல சிறு விளையாட்டுகளை அந்தக் கருவிகளுக்குப் புதிதாக வாங்க அன்றோடு வழியில்லாமல் போயிற்று. ஸ்டீமில் காசு கொடுத்தாலும் கிடைப்பது உரிமம்தான். கணக்கை இன்னொருவர் பெயருக்கு மாற்ற ஒப்பந்தம் இடம் கொடுப்பதில்லை, உயில் எழுதி வைத்தாலும் பிள்ளைக்குப் போகாது. வாங்கியவரின் கண்ணுக்கு மட்டும் அது தெரியும். ரதிக்குக் கிடைத்த வரமும் இப்படிப்பட்டதுதான்: அவள் பார்க்கலாம், பிறருக்குக் காட்ட முடியாது. கலிபோர்னியா மாநிலம் இதைக் கவனித்து ஒரு சட்டமே கொண்டுவந்தது. உரிமத்தை மட்டும் தருகிற கடை, அதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்குங்கள்’ என்று விளம்பரம் செய்யக் கூடாது என்ற விதி 2025 ஜனவரி 1 முதல் அங்கே நடைமுறையில் இருக்கிறது.

சைவ சித்தாந்தத்தில் இதை ஆராய ஒரு வழி உண்டு. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் முதல் சூத்திரத்திலேயே உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குவதைப் பேசுகிறது. அழிவு என்பது இல்லாமல் போவதன்று, காரணத்துக்குள் ஒடுங்குவது. ஒடுங்கியது மீண்டும் தோன்றும். அப்படிப் பார்த்தால் கடையிலிருந்து எடுக்கப்பட்ட விளையாட்டும் எரியவில்லை, ஏதோ ஒரு சேர்வருக்குள் ஒடுங்கித்தான் இருக்கிறது. ஆனால் சித்தாந்தம் அங்கே நிற்பதில்லை. ஒடுக்குபவன் யார், எதற்காக ஒடுக்குகிறான் என்றும் கேட்கிறது. இறைவன் ஒடுக்குவது பிறந்து பிறந்து களைத்த உயிர்களை இளைப்பாற்ற. நிறுவனம் ஒடுக்குவது உரிம ஒப்பந்தம் முடிந்ததற்காக, பராமரிப்புச் செலவு கட்டுப்படியாகாததற்காக. பொருள் எங்கோ இருக்கிறது என்ற ஆறுதல் போதாது. அதை மீண்டும் தோற்றுவிக்கும் அதிகாரம் யார் கையில் என்பதுதான் விஷயம்.

இந்த இடத்தில் சப்ரகமுவத் தோட்டங்களின் அனுபவத்தைப் பேச வேண்டியிருக்கிறது. இரத்தினபுரியிலும் கேகாலையிலும், பலாங்கொடை, இறக்குவானை, எட்டியாந்தோட்டைப் பக்கங்களிலும் தலைமுறை தலைமுறையாக லயக் காம்பராவில் வாழ்ந்தவர்களுக்கு வீட்டுச் சுவர் கைக்கெட்டும் பொருள்தான். அடுப்பு அவர்கள் போட்டது, வாசல் அவர்கள் மெழுகியது. உறுதிப் பத்திரம் மட்டும் அவர்கள் பெயரில் இல்லை. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாயின, 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. கை மாறிய ஒவ்வொரு முறையும் குடியிருந்தவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. வீட்டுக் காணியும் அதற்கான உறுதியும் இன்றும் கோரிக்கையாக இருப்பதன் காரணம் இது. உடல் கையில் இருந்தும் உரிமை இல்லாத நிலை என்ன என்று இவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கடதாசியின் அருமையும் இவர்களுக்குத் தெரியும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இவர்களை வெளியே நிறுத்தியது. 1949இல் வந்த சட்டம் ஒரு வாசலைத் திறந்து, 1946 ஜனவரிக்கு முந்திய தொடர்ச்சியான வதிவிடத்துக்குச் சான்று கேட்டது. மணமானவர்களுக்கு 7 ஆண்டு, மற்றவர்களுக்கு 10 ஆண்டு. பிறப்புச் சான்றிதழ் இல்லாத ஒருவர், தான் இந்த மண்ணில் வாழ்ந்ததைத் தன் கையிலுள்ள எதைக் காட்டி நிரூபிப்பார்? பதிவேடு தோட்டத் துரையின் அலுவலகத்தில் இருந்தது. உண்மை எங்கோ பதிவாகியிருக்கிறது என்பதால் பயனில்லை, தன் கையில் ஒரு பிரதி வேண்டும். பிரஜாவுரிமைச் சிக்கலை முடித்துவைக்கும் சட்டம் வர 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்படியானால் பொருள்தான் எல்லாமா? காமன் கூத்து இல்லை என்கிறது. அதன் பாட்டும் அடவும் கூத்து மாஸ்டரின் வாயிலும் உடம்பிலும் இருந்தன. ஒரு தலைமுறை ஆடியதைப் பார்த்து அடுத்த தலைமுறை ஆடியது. பத்திரம் இல்லை, பெட்டி இல்லை, எந்தக் கம்பனியின் அனுமதியும் தேவைப்படவில்லை. லயத்தில் குடியிருந்தவர்களுக்கு முழுக்க முழுக்கச் சொந்தமாக இருந்தவற்றில் இது ஒன்று. சொந்தம் என்பதற்கு அடையாளம் கையளிக்க முடிவதுதான் என்றால், சுவரைவிடப் பாட்டே அவர்களுக்கு அதிகம் சொந்தம்.

வாய்மொழிக்கும் ஆபத்து உண்டு. பௌத்த மரபிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. பல நூற்றாண்டுகள் நினைவிலேயே காக்கப்பட்ட திரிபிடகம் கி.மு. 1ஆம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், மாத்தளை அலுவிகாரையில் ஏட்டில் எழுதப்பட்டதாக மரபு சொல்கிறது. பஞ்சமும் போரும் பிக்குகளைக் கொண்டுபோயின. ஒரு கட்டத்தில் ஒரு நூல் ஒரே ஒருவரின் நினைவில்தான் எஞ்சியிருந்தது என்று உரைநூல்கள் கூறுகின்றன. அந்த ஒருவர் இறந்திருந்தால் நூலும் போயிருக்கும். ஓலைதான் புனிதம் என்று நினைத்து அவர்கள் எழுதவில்லை. ஒரே இடத்தில் இருப்பது ஆபத்து என்று கண்டதால் எழுதினார்கள். ஒரே சேர்வரில் இருக்கும் விளையாட்டுக்கும் அதே ஆபத்துத்தான்.

ஆகவே பெட்டியா பதிவிறக்கமா என்று மட்டும் கேட்டால் விடை தவறிவிடும். யுபிசொஃப்ட்டின் ‘தி க்ரூ’ 2014இல் வட்டாகவும் விற்றது. 2024 மார்ச் 31 அன்று சேர்வரை நிறுத்தினார்கள். இணைப்பில்லாமல் ஓடாத விளையாட்டு என்பதால் அலமாரியில் வட்டு வைத்திருந்தவர்களும் அதை இழந்தார்கள். 2025இல் வந்த நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கருவிக்குச் சில விளையாட்டுகள் சாவி மட்டும் உள்ள அட்டைகளாக விற்கப்படுகின்றன. அட்டையை நண்பருக்குக் கொடுக்கலாம், ஆனால் விளையாட்டு அதில் இல்லை. இணையத்திலிருந்து இறக்கித்தான் ஆக வேண்டும். மறுபக்கம், 2008 முதல் இயங்கும் ஜிஓஜி கடை பூட்டில்லாத நிறுவல் கோப்பைத் தருகிறது. அதைப் பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டால் கடை மூடினாலும் விளையாட்டு ஓடும். உடல் இருந்தும் உயிர் பிறர் கையில் இருப்பது அங்கே, உடலில்லாமலே உயிர் தன்னிடம் இருப்பது இங்கே. யாரிடமும் கேட்காமல் இயக்க முடியுமா, யாரிடமும் கேட்காமல் அடுத்தவர் கையில் கொடுக்க முடியுமா என்ற இரண்டையும்தான் விசாரிக்க வேண்டும்.

படைத்தவரின் வயிற்றுப்பாடு என்னாவது என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்கவும் முடியாது. பழைய புத்தகத்தை விற்றால் ஒரு பிரதிதான் கை மாறும், கோப்பைக் கொடுத்தால் இருவரிடமும் இருக்கும். ஐரோப்பிய நீதிமன்றமே இதில் இரு பக்கமும் நின்றிருக்கிறது. பதிவிறக்கிய மென்பொருளின் உரிமத்தை மறுவிற்பனை செய்யலாம் என்று 2012இல் சொன்னது, மின்னூலுக்கு அது பொருந்தாது என்று 2019இல் சொன்னது. ஒரு விளையாட்டுக்காகச் சில ஆண்டுகளைச் செலவழித்த குழு தன் உழைப்பின் பலனைப் பெறத்தான் வேண்டும். ஆனால் காசு வாங்கியபின் வாங்கியவரின் வீட்டுக்குள் அது ஓடுவதற்கு நிரந்தரமாகத் தன் அனுமதி வேண்டும் என்பது வேறு விஷயம். கூலியைக் கேட்பது உரிமை. கொடுத்ததை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுக்கும் அதிகாரத்தைக் கேட்பது ஆதிக்கம். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இந்த இரண்டுக்கும் வேறுபாடு தெரியும்.

காமன் கூத்தை ஒரு விளையாட்டாகச் செய்ய மலையக இளைஞர்கள் சிலர் நாளை முன்வரலாம். பதிவிறக்கமாக விற்பதுதான் அவர்களால் முடிந்ததாக இருக்கும், அதில் பிழையில்லை. இணையம் இல்லாமல் ஓடும்படி அதைச் செய்யட்டும், பூட்டில்லாத கோப்பாகக் கொடுக்கட்டும். கோவிட் காலத்தில் வகுப்புக்காகச் சிக்னல் தேடி மேடேறிய மலையகப் பிள்ளைகளுக்கு அதுவே பெரிய உதவி. தோட்டப் பாடசாலைக்கும், 2005 முதல் ஈழத்து ஆவணங்களைச் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துக்கும் ஒவ்வொரு பிரதி போகட்டும். குழு கலைந்தால் அந்த விளையாட்டை யார் தொடர்ந்து பேணலாம், யார் பிரதி எடுக்கலாம் என்பதையும் உரிமத்திலேயே தமிழில் எழுதி வைக்கட்டும்.